ஐந்து டிகிரிக்கு ஒரு நிறுத்தம்

மோட்டாரின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் திருகுகிறாள். மின்சாரம் கொடுக்காமலேயே விரல் நுனியில் டக், டக் என்று சின்னச் சின்னப் பற்களாகத் தட்டுப்படுகிறது. உதடு மட்டும் அசைகிறது. நூற்று எழுபதைத் தாண்டிய பிறகு யார் கூப்பிட்டாலும் பதில் வராது. இருநூறில் கண்ணைத் திறக்கிறாள். தண்டின் மேல் அவள் போட்டிருந்த சிவப்புக் கோடு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

"சரியா இருக்கு," என்கிறாள், யாரும் கேட்காமலே.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு இருநூறு அடி வைக்கும் என்பது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அதைச் சொன்னால் முகத்தைத் தூக்கிப் பார்ப்பாள். "அச்சடிச்சவங்க எண்ணிப் பாத்திருப்பாங்களா?"

இப்படிக் கேட்டுக் கேட்டே கீல் தொழிற்சாலையில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. காலையில் வாசல் காவலாளி, "சந்தேகம் வந்தாச்சா?" என்பார். "வந்த மாதிரிதான் தெரியுது," என்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள்.

அவள் இருப்பது பரிசோதனை அறை. நாலு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் தகடு வெட்டும் இயந்திரம் ஓங்கி இறங்கும்போதெல்லாம் மேஜையில் இருக்கும் தேநீரில் ஒரு வட்டம் விரியும். அந்த வட்டம் அடங்கியபிறகுதான் குடிப்பாள். மேஜையில் ஒரு இரும்புப் பிடிப்பான், அதன் பக்கத்தில் திருகி வைத்த பெரிய கோணமானி, கொக்கி வைத்த வில்தராசு. பெட்டி மூடிகளுக்கான ஒரு வகைக் கீலை இங்கே செய்கிறார்கள். எந்தக் கோணத்தில் கையை எடுத்தாலும் மூடி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், விழவும் கூடாது, எழும்பவும் கூடாது. அப்படி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கீலை மாட்டி, வில்தராசால் இழுத்து, ஐந்து டிகிரி ஆனதும் நிறுத்தி, முள் அடங்கும்வரை காத்திருந்து, எவ்வளவு இழுவை என்று எழுதுவாள். பிறகு பத்து டிகிரி. பிறகு பதினைந்து. பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பதுவரை ஒரு கீலுக்கு முப்பத்தேழு அளவு. முக்கால் மணி நேரம்.

"படிக்க வெச்சதுக்கு, கதவத் தொறந்து மூடறதுக்குச் சம்பளம் வாங்குறா," என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். சொல்லும்போது தோளை ஒரு தடவை நிமிர்த்திக்கொள்வாள். அம்மாவும் அதே தொழிற்சாலையில்தான், பேக்கிங் பிரிவில். கீலையும் எட்டுத் திருகாணிகளையும் பையில் போட்டு, தராசில் வைத்து, எடை சரியாக இருந்தால் வாயை ஒட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே ஸ்டூல். மகளும் கல்லூரி விடுமுறைகளில் அந்த மேஜையில் உட்கார்ந்து பை ஒட்டியவள்தான். பட்டச் சான்றிதழ் வந்த அன்று பரிசோதனை அறைக்கு மாற்றினார்கள். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு மேலே போன முதல் ஆள் அவள். அதனால் தனக்குத் தெரிந்தது சரிதானா என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்: இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். வலப்பக்கங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கின்றன.

அவளிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி இருக்கும். தன் நகத்தில் ஒரு நாளும் பூசியதில்லை. எந்த இரண்டு பொருள் ஒன்றையொன்று விட்டு நகரக் கூடாதோ, அந்த இரண்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுவாள். திருகாணியும் தகடும், தண்டும் சக்கரமும், கோணமானியும் மேஜையும். ஏதாவது ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "கலர் பாத்து வாங்குறியா, வாசனை பாத்து வாங்குறியா?" என்று பேக்கிங் பெண்கள் கிண்டல் செய்தபோது, "காயற நேரம் பாத்து," என்றாள். விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

போன மாதம் முதலாளி வாங்குபவர்களைப் பார்த்துவிட்டு நேரே பரிசோதனை அறைக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, நம்ம கீல் மாட்டின மூடி பாதியில தலையாட்டுதாம். கொஞ்சம் எறங்கி அப்புறம் நிக்குதாம். உன் ரிஜிஸ்டர்ல எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"கையால எழுதினத நம்பமாட்டோங்கிறாங்க. மெஷின் போட்ட கிராஃப் வேணுமாம். அடுத்த மாசம் முதல் வாரத்துக்குள்ள. நம்மகிட்ட முடியலேன்னா வெளி லேபுக்கு அனுப்பிடலாம். அப்புறம் இந்த ரூம் எதுக்கு, ஸ்டோர் ஆக்கிடலாம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "உனக்கு வேலை போகாதும்மா. பேக்கிங்ல ஆள் பத்தல."

அன்று மாலை பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னாள்.

"வாயேன். என் பக்கத்து ஸ்டூல் காலியாத்தான் கெடக்கு," என்றாள் அம்மா. அது கேலியா, ஆறுதலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நோட்டின் இடப்பக்கத்தில் அதையும் எழுதிவைத்தாள்.

கிராஃப் போடும் இயந்திரத்தைத் தானே செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். மோட்டாருக்குப் பஞ்சமில்லை. பழுதாகி மூலையில் கிடந்த லேபிள் ஒட்டும் இயந்திரத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். பதினெட்டுக்கு ஒன்று என்ற பல்சக்கரப் பெட்டி, மோட்டாருக்கு மின்சாரத்தை அடியடியாகப் பிரித்து ஊட்டும் டிரைவர் பலகை, லேபிள் சுருளின் இழுவையை அளக்கும் சென்சார் மூன்றும் கூடவே வந்தன. சட்டைப்பையில் எந்நேரமும் பீஸ் கம்பி சுருள் வைத்திருப்பவர் என்பதால் அவரைப் 'பீஸ் அண்ணன்' என்பார்கள். அவள் கணக்குப் போட்டாள்: இருநூறைப் பதினெட்டால் பெருக்கினால், சுற்றுக்கு மூவாயிரத்து அறுநூறு அடி. ஒரு அடிக்கு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து டிகிரிக்கு ஐம்பது அடி. முழு எண். அன்று முழுக்க அவளுக்கு முகம் மலர்ந்திருந்தது.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: கணினிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்காரும் ஒரு பெட்டி. டிரைவர் பலகைக்கு 'வை அடி' என்று துடிப்பு அனுப்ப வேண்டும்; இழுவையை அளக்கும் சென்சாரிடமிருந்து அளவும் வாங்கித் தர வேண்டும். விற்பவர்கள் அதை 'டேட்டா அக்விசிஷன்' என்பார்கள். தொழிற்சாலையில் அது 'பெட்டி' ஆகிவிட்டது.

தொலைபேசியில் விற்பனைக்காரர் நயமாகத்தான் பேசினார்.

"மேடம், உங்களுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்?"

"அதிகபட்சம் எவ்வளவு இருக்கு?"

"அதிகபட்சத்துக்கு விலையும் அதிகபட்சம் மேடம்."

பெரிய பெட்டியின் விலையைச் சொன்னார். அதற்குச் சின்னப் பெட்டி ஐந்து வாங்கலாம். முதலாளி ஒன்றரைச் சின்னப் பெட்டியின் விலைக்கு மேல் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது உறுதி. கடைசியில் சின்னப் பெட்டியை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திரும்ப எடுத்துப்போக வண்டி வரும். பிடிக்கவில்லை என்றால் வந்தது வந்தபடி, கீறல் இல்லாமல், கறை இல்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெட்டி சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒயர் சொருகும் ஓட்டைகள். அவள் விளக்கப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எப்போதும் அப்படித்தான். "முன்னாடி பக்கத்துல என்ன முடியும்னு எழுதுவாங்க. எது முடியாதுங்கிறது பின்னாடிதான் இருக்கும்."

ஆனாலும் திங்கட்கிழமை மோட்டார் ஓடவில்லை. முதலாளி ஏதோ கண்காட்சியில் ஒரு இயந்திரம் கீலைக் கண்மூடித் திறப்பதற்குள் விரித்து மடக்கியதைப் பார்த்திருந்தார். அவளும் அதையே மனதில் வைத்து, அரைச் சுற்று இரண்டு வினாடியில் முடியும்படி நிரல் எழுதியிருந்தாள். வினாடிக்குத் தொள்ளாயிரம் அடி. பொத்தானைத் தட்டியதும் மோட்டார் உறுமியது, நடுங்கியது, ஒரு அடிகூட நகரவில்லை.

"குளிர் ஜுரம்," என்றார் பீஸ் அண்ணன். "கம்பளி போத்தி விடு."

செவ்வாய்க்கிழமை காரணம் கிடைத்தது. சின்னப் பெட்டிக்கென்று சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு துடிப்புக்கும் கணினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். கணினிக்கோ ஆயிரம் வேலை. நடுவில் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு வரும். துடிப்புகள் கூட்டமாக வந்து, பிறகு இடைவெளி விட்டு, மறுபடி கூட்டமாக வந்தன. மோட்டாருக்கு எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. பெரிய பெட்டிக்குள் கடிகாரம் இருக்கிறது. அந்த விலை அதற்குத்தான். புதன்கிழமை தொள்ளாயிரத்தை ஐந்நூறாக்கினாள். உறுமல். முந்நூறு. நாலு அடி வைத்துவிட்டு உறுமல்.

"எனக்கு நெஜமாவே தெரியுமா, இல்ல தெரிஞ்ச மாதிரி இருக்கா?" என்று மோட்டாரைப் பார்த்துக் கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் அடிக்கடி கேட்பதுண்டு. நோட்டிலும் மூன்று இடத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை வழக்கமான சரக்கு ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டு வில்தராசை எடுத்தாள். இழுத்தாள். ஐந்து டிகிரி. நிறுத்தினாள். முள் ஆடியது. காத்திருந்தாள். எழுதினாள். இழுத்தாள். பத்து டிகிரி. நிறுத்தினாள். முள் அடங்கும்வரை காத்திருந்தாள். கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

ஒரு வருஷமாக அவள் ஒரு கீலையாவது வேகமாகத் திறந்திருக்கிறாளா? நின்று நின்றுதானே அளக்கிறாள். வாங்குபவர்கள் அனுப்பிய தாளிலும் 'ஐந்து டிகிரிக்கு ஒருமுறை, அசைவு நின்றபின்' என்றுதானே இருக்கிறது. மோட்டார் என்றதும் அது ஓடத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? நோட்டைப் புரட்டினாள். 'எவ்வளவு ஸ்பீடு வேணும்?' என்று விற்பனைக்காரர் கேட்டதை இடப்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். ஊரையே கேள்வி கேட்கிறவளிடம் ஒருவர் கேட்டார். அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. வலப்பக்கத்தில் எழுதினாள்: 'வேண்டாம்.'

வினாடிக்கு ஐம்பது அடி போதும் என்று மாற்றினாள். மோட்டார் முனகாமல் கிளம்பியது. ஐம்பது அடி நடந்து நின்றது. மூன்று வினாடி சும்மா இருந்தது. சின்னப் பெட்டி அளவை வாங்கித் திரையில் ஒரு புள்ளி வைத்தது. மறுபடி ஐம்பது அடி. துடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் அந்த நடைக்கு எதுவும் தடுமாறவில்லை. போய்த் திரும்பி வந்தபோது தண்டின் சிவப்புக் கோடும் சக்கரத்தின் சிவப்புக் கோடும் ஒன்றாகவே நின்றன. முக்கால் மணி நேர வேலை இரண்டரை நிமிஷத்தில் முடிந்தது. பீஸ் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

"நல்லாத்தான் நடக்குது," என்றவர், திரையை எட்டிப் பார்த்தார். "இது என்ன பள்ளம்?"

அவள் அப்போதுதான் வரைகோட்டைப் பார்த்தாள். தொண்ணூறுவரை சமமாக வந்த கோடு, தொண்ணூற்றைந்தில் சட்டென்று இறங்கி, நூறில் பழையபடி ஏறியிருந்தது.

"மலிவுப் பெட்டி. அங்க போய் ஒரு எடம் முழுங்கிடுது போல," என்றார் அண்ணன்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைக்க ஆசையாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை பெட்டியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். வேறு கீல் மாட்டினாள்; தொண்ணூற்றைந்தில் பள்ளம். ஒயரைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினாள், பள்ளம். கீலையே கழற்றிவிட்டு, சென்சாரில் எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டு முப்பத்தேழு முறை அளந்தாள். கோடு ஸ்கேல் வைத்து வரைந்தது போல நேராக வந்தது. பெட்டி மேல் பிசகில்லை.

மிச்சம் இருந்தது அவள் கைதான். வில்தராசை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொண்ணூற்றைந்தில் இழுத்தாள். கீல் லேசாக வழுக்கி, தொண்ணூற்றெட்டில் போய்ப் பிடித்துக்கொண்டது. முள் ஆடி அடங்கியது. நல்ல அளவு. ஒரு வருஷமாக அவள் எழுதி வந்த அதே அளவு. முள் அடங்கக் காத்திருந்தவள், அது எந்தக் கோணத்தில் போய் அடங்குகிறது என்று பார்க்கவில்லை. மோட்டார் பல்சக்கரத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றதால், அதற்கு வழுக்கவில்லை; அது உள்ளதைச் சொல்லிவிட்டது. பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் தொண்ணூற்றைந்துக்கு நேரே தன் குண்டுக் கையெழுத்து, அழகாக, தப்பாக.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். "பெட்டி மேல தப்புன்னு சொன்னா என்ன ஆவும்?"

"பெட்டிய அனுப்பிடுவாங்க."

"உன் மேலன்னா?"

"என்னை."

அம்மா டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "போன வருஷம் பையில ஸ்க்ரூ கம்மின்னு சரக்கு திரும்பி வந்துச்சுல்ல. நாங்க எல்லாரும் சேந்து தராசு மேல போட்டுட்டோம். தராச மாத்திட்டாங்க."

"நெஜமாவே தராசுதானா?"

"யாரு கண்டா? அதுக்கு வாயா இருக்கு?"

மகள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், அம்மாவின் சிரிப்பு முதலில் நின்றது. "ஸ்டூலத் தொடச்சு வெக்கட்டுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லிடு," என்றாள்.

சனிக்கிழமை மதியம் முதலாளி வந்தார். பீஸ் அண்ணன் பெட்டியின் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தயாராக மேஜையோரம் வைத்திருந்தார். மோட்டார் நடந்தது, நின்றது, நடந்தது.

"ஏம்மா, நத்தை மாதிரி போகுது?"

"நின்னாத்தான் சார் அளக்க முடியும்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதிக்கு மேல் கடிகாரத்தை மறந்து திரையைப் பார்த்தார். பள்ளம் விழுந்தது.

"என்ன அது?"

"சின்னப் பெட்டி சார், அதான்," என்று பீஸ் அண்ணன் முந்திக்கொண்டார். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். அவர் கை அட்டைப்பெட்டியை அரை அடி முன்னால் தள்ளியது.

"அப்ப அனுப்பிடுங்க. கிராஃபுக்கு வெளியில பாத்துக்கலாம்."

அவள் அட்டைப்பெட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். "பெட்டி சரியாத்தான் சார் இருக்கு. கீல் அங்க நெஜமாவே லூசு. மூடி தலையாட்டுறது அதனாலதான். நான்தான் சார் தப்பா எழுதியிருக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"இந்த ரூமுக்கு வந்ததுலேர்ந்து."

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் இறங்கியது. தேநீரில் வட்டம் விரிந்து அடங்கியது. அவள் வில்தராசை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு இழுத்தார். தொண்ணூற்றைந்தில் வழுக்கியது. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை தராசை வைத்துவிட்டு, கட்டைவிரலால் கீலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த இடத்துக்கு வந்தபோது அவர் விரல் நின்றது. போனை எடுத்துத் தகடு வெட்டும் பிரிவைக் கூப்பிட்டார். "கீலுக்குப் பின்னு அடிக்கிற அச்சு, அந்த டை, தேஞ்சிருக்கு போல. அதக் கழட்டு. நான் வரேன்." வாசல்வரை போனவர், திரும்பாமலே கேட்டார்.

"கிடங்குல இருக்கிற சரக்குல ஒவ்வொரு கார்ட்டன்லேர்ந்தும் ஒரு கீல் எடுத்து அளக்கணும்னா எத்தன நாள் ஆகும்?"

"ஒரு கீலுக்கு மாட்டிக் கழட்ட அஞ்சு நிமிஷம் சார்... ஆறு நாள். இல்ல, ஏழு. சரியா எண்ணிட்டுச் சொல்றேன்."

"எண்ணிட்டே சொல்லு," என்று போய்விட்டார்.

பீஸ் அண்ணன் தெர்மாகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சந்தேகம், இப்ப என்ன? வண்டி நாலு மணிக்கு வந்துடும். கட்டவா, வேண்டாமா?"

அவள் கைப்பையைத் திறந்து குப்பியை எடுத்தாள், ரெண்டு தட்டு தட்டினாள். பெட்டியைக் கோணமானிக்குப் பக்கத்தில், ஒயர் இழுபடாத இடமாகப் பார்த்து, நேராக நகர்த்தி வைத்தாள். பிறகு குனிந்து, பெட்டியின் ஓரத்தில் தொடங்கி மேஜையின் மேல் முடியும்படி ஒரே இழுப்பில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.